சாய்ந்ததா, சாய்க்கப்பட்டதா? யுரேனஸின் அச்சு குறித்த இருநூறாண்டு வழக்கு

தமிழில் ‘சாய்’ என்னும் வினையடி இரு வகையாகத் திரியும். ‘மரம் சாய்ந்தது’ என்பது தன்வினை. ‘மரத்தைச் சாய்த்தது’ என்பது பிறவினை. முன்னதில், சாய்த்தவர் யார் என்று சொல்ல வேண்டிய கடமை பேசுவோருக்கு இல்லை. பின்னதில், செய்தவரைக் குறிக்கும் எழுவாய் ஒன்று இருந்தே ஆக வேண்டும். யுரேனஸ் கோளின் சுழல் அச்சு ஏன் ஏறத்தாழப் படுத்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு நம் வகுப்பறைகளில் வழங்கும் விடை பெரும்பாலும் பிறவினையிலேயே அமைகிறது: முற்காலத்தில் பெரும் பொருளொன்று மோதி அதனைச் சாய்த்துவிட்டது. எழுவாய் கிடைத்துவிட்டதால் வழக்கும் முடிந்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் வழக்கு முடியவில்லை. அந்த எழுவாய் எப்போது, எந்தத் தேவையின் பொருட்டு இந்த வாக்கியத்துக்குள் வந்தது, அது வராத காலத்தில் அறிஞர்கள் என்ன சொன்னார்கள், இன்று ஏன் அதை ஐயுறுகிறார்கள் என்பவற்றை வரலாற்று வரிசையில் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் அடிப்படைத் தரவுகள். ஒரு கோளின் அச்சுச் சாய்வு என்பது, அதன் சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அதன் சுழல் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு. வியாழனுக்கு இது சுமார் 3 பாகை, பூமிக்கு 23.4; சனிக்கு 26.7; நெப்டியூனுக்கு 28.3. யுரேனஸுக்கோ 97.8. சூரியனிலிருந்து சராசரியாக 287 கோடி கிலோமீட்டர் தொலைவில் 84 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் இக்கோள், உருளும் பந்தைப் போலப் பக்கவாட்டில் கிடந்து செல்கிறது. அதன் ஒவ்வொரு துருவமும் சுமார் 42 ஆண்டுகள் வெளிச்சத்திலும் 42 ஆண்டுகள் இருளிலும் இருக்கிறது. பூமியைப் போல் 14.5 மடங்கு நிறையுள்ள ஒரு பேருருவை இந்நிலைக்குக் கொண்டுவருவது எளிய செயலன்று.

இச்சாய்வை முதலில் அறிவித்தவை துணைக்கோள்களே. கோளைப் பார்த்து யாரும் அதை அறியவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக்கலைஞராக வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டபோது, அதை வால்மீன் என்றே கருதினார். தொலைநோக்கியில் அது சிறு வட்டமாக மட்டுமே தெரிந்தது. அதன் சுழற்சியைக் கணிக்க உதவும் புள்ளியோ பட்டையோ எதுவும் தெளிவாகத் தென்படவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1787 ஜனவரி 11 அன்று, அவர் அதன் இரு துணைக்கோள்களைக் கண்டார். ஒளி இழப்பைக் குறைக்கும் பொருட்டுத் தம் இருபதடித் தொலைநோக்கியின் சிறிய கண்ணாடியை நீக்கிவிட்டு நேராக நோக்கியதன் பயன் அது. பிற்காலத்தில் அவற்றுக்கு டைட்டானியா, ஓபரான் என்று பெயரிடப்பட்டது.

அந்த இரண்டும் கோள்களின் பொதுத் தளத்துக்கு ஏறத்தாழச் செங்குத்தான தளத்தில் சுற்றுவதை ஹெர்ஷல் விரைவிலேயே உணர்ந்தார். ஆயினும் சுற்றும் திசையை உடனே தீர்மானிக்க இயலவில்லை. சாய்ந்த வட்டம் ஒன்றைத் தொலைவிலிருந்து பார்த்தால் நீள்வட்டமாகத் தெரியும். அதன் எந்தப் பாதி நமக்கு அண்மையது, எது சேய்மையது என்பதை ஒரே கோணத்திலிருந்து பிரித்தறிய முடியாது. யுரேனஸ் தன் பாதையில் நகர்ந்து, நாம் அதைப் பார்க்கும் கோணம் மாறும்வரை காத்திருக்க வேண்டும். 1798இல் வெளிவந்த கட்டுரையில்தான், அத்துணைக்கோள்கள் ஏனையவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன என்று அவர் அறிவித்தார். (அதே கட்டுரையில் மேலும் நான்கு துணைக்கோள்களையும் அறிவித்தார், அவை நான்கும் பின்னர் இல்லையென்று ஆயின.)

அந்த அறிவிப்பு வந்த காலம் கவனிக்கத்தக்கது. இரண்டாண்டுகளுக்கு முன், 1796இல், பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் தமது உலக அமைப்பு விளக்க நூலில் புகழ்பெற்ற நெபுலா கருதுகோளை முன்வைத்திருந்தார். கோள்கள் யாவும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தளத்தில் இயங்குகின்றன. துணைக்கோள்களும் சுழற்சிகளும்கூட அவ்வாறே. இந்த ஒற்றுமை தற்செயலாக அமைந்திருக்க முடியாது. எனவே இவை யாவும் சுழலும் ஒரே வாயு மண்டலத்திலிருந்து பிறந்தவை என்பது அவர் வாதம். அதாவது, சூரியக் குடும்பத்தின் ஒழுங்கே அதன் தோற்றத்துக்குச் சான்று. அப்படியானால் ஒழுங்கு மீறிய ஓர் உறுப்பு எதற்குச் சான்று?

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் யுரேனஸ் இவ்வகையில்தான் பேசப்பட்டது. அது விளக்கம் வேண்டி நின்ற பொருளாக இருந்ததைவிட, ஒரு கோட்பாட்டுக்கு எதிராக எழுப்பப்பட்ட தடையாகவே மிகுதியும் இருந்தது. 1846இல் நெப்டியூனும், அதே ஆண்டில் அதன் பெரிய துணைக்கோளான டிரைட்டனும் கண்டறியப்பட்டன. டிரைட்டனும் எதிர்த்திசையில் சுற்றுவது தெரியவந்ததும் தடை இரட்டித்தது. 1884இல் ஹெர்வே ஃபே என்னும் பிரெஞ்சு வானியலர் இத்தடையையே தம் கோட்பாட்டின் அடித்தளமாக்கினார். சூரியன் முழுமையாகத் திரளுமுன் தோன்றிய உட்புறக் கோள்கள் நேர்த்திசைச் சுழற்சி பெற்றன. திரண்டபின் தோன்றிய யுரேனஸும் நெப்டியூனும் எதிர்த்திசைச் சுழற்சி பெற்றன என்றார் அவர். அவர் விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால் அதன் இலக்கணத்தைப் பாருங்கள்: யாரும் யுரேனஸைச் சாய்க்கவில்லை, அது பிறந்ததே அவ்வாறுதான். தன்வினைகூட அன்று, வெறும் நிலைமை.

இவ்வளவு காலமும் கோளின் அச்சை எவரும் நேரடியாக அளந்திருக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. துணைக்கோள்கள் கோளின் நடுக்கோட்டுத் தளத்தில் சுற்றுகின்றன. ஆகவே அவற்றின் தளத்துக்குச் செங்குத்தாகவே அச்சு இருக்கும் என்பது அனுமானம். 1912ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் லோவெல் ஆய்வகத்தில் லோவெலும் ஸ்லைஃபரும் நிறமாலை வழியே சுழற்சியை அளக்க முயன்றனர். அவர்கள் கண்ட எதிர்த்திசைச் சுழற்சி அனுமானத்தை உறுதிசெய்தது. ஆனால் அவர்கள் தந்த சுழற்சிக் காலமாகிய 10.8 மணி நேரம் தவறானது. அத்தவறான எண் பல பத்தாண்டுகள் நூல்களில் நீடித்தது. 1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 விண்கலம் அருகே கடந்து சென்றபோதுதான் 17.24 மணி என்னும் அளவு கிடைத்தது. கோளின் காந்த அச்சு, சுழல் அச்சிலிருந்து மேலும் சுமார் 60 பாகை விலகியிருப்பதும் அப்போது தெரிந்தது.

இந்த இடைக்காலத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. ஜவ்வாது மலைப் பகுதியிலுள்ள காவலூர் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியே ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளியில் ஏற்பட்ட மங்கலைப் பதிவுசெய்தனர். அது புதியதொரு துணைக்கோளாக இருக்கலாம் என்பது அவர்களின் முதல் விளக்கம். அதே இரவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிமேல் பறந்த விமான ஆய்வகத்திலிருந்து நோக்கிய எலியட் குழுவினருக்குக் கோளின் இருபுறமும் சமச்சீரான மங்கல்கள் கிடைத்தன. அதனால் அவை வளையங்கள் எனத் தெளிந்தது. நம் பொருளுக்கு இதன் முக்கியத்துவம் என்னவெனில், அவ்வளையங்களும் கோளோடு சேர்ந்தே படுத்திருந்தன. துணைக்கோள், வளையம், கோள் மூன்றும் ஒரே தளத்தில் ஒருங்கே கிடக்கும் இச்செய்தியை நினைவில் இருத்துங்கள். பின்னர் இதுவே வழக்கின் மையச் சான்றாகப் போகிறது.

‘மோதிய பொருள்’ என்னும் எழுவாய் எப்போது வந்தது? அதற்குத் தெளிவான கணித வடிவம் கொடுத்தவர் மாஸ்கோவில் பணியாற்றிய விக்டர் சஃப்ரானொவ். கோள்கள் சிறு திண்மங்களின் சேர்க்கையால் வளர்ந்தன என்ற கோட்பாட்டை வளர்த்தெடுத்தவர் அவர். 1960களின் நடுவில் அவர் எழுப்பிய கேள்வி வேறுவகையானது: வளரும் கோள்மீது விழுந்த பொருள்களுள் மிகப் பெரியது எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்? எண்ணற்ற சிறு பொருள்கள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் விழுந்தால் அவற்றின் விளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அச்சு பெரிதாகச் சாயாது. ஆகவே சாய்வு பெரிதாயின், விழுந்தவற்றுள் ஒன்றேனும் மிகப் பெரியதாக இருந்திருக்க வேண்டும். இவ்வகையில் யுரேனஸுக்குக் கிடைத்த விடை, கோளின் நிறையில் இருபதில் ஒரு பங்கு அளவிலான ஒரு பொருள். அதாவது பூமியின் நிறையோடு ஒப்பிடத்தக்க ஒன்று.

இங்கு நிகழ்ந்த மாற்றம் சிந்தனை வரலாற்றில் முக்கியமானது. லாப்லாஸுக்குப் பின் வந்தோர்க்கு யுரேனஸ் ஒரு விதிவிலக்கு. சஃப்ரானொவுக்கு அது ஓர் அளவுகோல். சாய்வை விளக்குவது அவருக்கு முதன்மை நோக்கமன்று. சாய்வைக் கொண்டு மறைந்துபோன பொருள்களின் அளவை மீட்பதே நோக்கம். ஆனால் அக்கணக்கு நூலிலிருந்து நூலுக்குப் பயணித்தபோது முன்னும் பின்னும் மாறிவிட்டது. ‘மோதலே காரணமெனில், மோதிய பொருள் இவ்வளவு பெரியது’ என்ற நிபந்தனை வாக்கியம், ‘இவ்வளவு பெரிய பொருள் மோதியது’ என்னும் செய்தி வாக்கியமாயிற்று. ‘எனில்’ உதிர்ந்தது.

அது உதிர்வதற்கு ஏற்ற சூழலும் இருந்தது. நம் நிலவே ஒரு பெருமோதலில் பிறந்தது என்ற கருத்து 1970களின் நடுவில் தோன்றி, 1984இல் ஹவாயின் கோனாவில் நடந்த மாநாட்டுக்குப் பின் பரவலான ஏற்பைப் பெற்றது. பெருமோதல்கள் இனி அபூர்வக் கற்பனைகள் அல்ல. கோள்கள் உருவாகும்போது இயல்பாக நிகழ்பவை. 1992இல் ஸ்லாட்டரி, பென்ஸ், கேமரன் ஆகியோர் பூமியைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு நிறையுள்ள பொருள்கள் இளம் யுரேனஸ்மீது மோதுவதைக் கணினியில் நிகழ்த்திக் காட்டினர். 2018இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் கெகெரைஸ் குழுவினர் இன்னும் நுண்ணிய உருவகப்படுத்தலில், குறைந்தது இரண்டு பூமி நிறையுள்ள பொருளொன்று சாய்வாக மோதினால் இன்றைய சுழற்சியை உண்டாக்க முடியும் என்று காட்டினர். ‘முடியும்’ என்பதற்கும் ‘நிகழ்ந்தது’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை வாசகர் மறக்காதிருப்பது நல்லது.

இனி மையச் சான்றுக்கு வருவோம். மோதல் என்பது கோள்களின் வாழ்நாளில் ஒரு கணம். கோள் ஒரு கணத்தில் புரண்டால், அதைச் சுற்றிக்கொண்டிருந்த துணைக்கோள்கள் உடன் புரள வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. ஆனால் அவையோ இன்று கோளின் நடுக்கோட்டுத் தளத்திலேயே ஒழுங்காகச் சுற்றுகின்றன. துணைக்கோள்கள் உருவாகுமுன், அவற்றின் மூலப்பொருளான தட்டு இருந்த காலத்திலேயே மோதல் நடந்தது எனலாம். அத்தட்டு கோளின் புதிய நடுக்கோட்டுத் தளத்தில் மெல்லப் படிந்துவிடும். ஆனால் 2012இல் மோர்பிடெல்லி குழுவினர் இதிலுள்ள சிக்கலைச் சுட்டினர். நிமிர்ந்து நின்ற கோள் ஒரே அடியில் 98 பாகை புரண்டால், அது செங்குத்தைத் தாண்டி மறுபுறம் கவிழ்கிறது. அப்போது பழைய தட்டு கோளின் புதிய சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றுவதாகிவிடும். இன்றைய துணைக்கோள்களோ கோளின் சுழற்சித் திசையிலேயே சுற்றுகின்றன. எனவே இறுதி மோதலுக்கு முன்பே கோள் கணிசமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அதாவது குறைந்தது இரண்டு மோதல்கள் வேண்டும். 2020இல் இடா ஷிகெருவின் குழு வேறு வழி கண்டது: மோதலில் ஆவியான நீர், பரந்த தட்டாக விரிந்து, பின் குளிர்ந்து உறைந்தது, துணைக்கோள்கள் அதிலிருந்தே புதிதாகப் பிறந்தன. 1798இல் சாய்வை உலகுக்கு அறிவித்த அதே துணைக்கோள்கள், இன்று எளிய விளக்கங்களை ஏற்க மறுத்து நிற்கின்றன.

இரண்டாவது மரபு மோதலைத் துணைக்கு அழைக்காதது. சுழலும் பம்பரம் வேகம் தளரும்போது தலையை ஆட்டுவதைப் பார்த்திருப்போம். கோள்களின் அச்சுகளும் இவ்வாறு மிக மெதுவாகத் தலையாட்டுகின்றன. அவற்றின் சுற்றுப்பாதைத் தளங்களும் பிற கோள்களின் ஈர்ப்பால் மெல்ல அசைகின்றன. இவ்விரு அசைவுகளின் காலமும் பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு உண்டாகிறது. ஊஞ்சலைச் சரியான கணத்தில் மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது உயர எழுவதைப் போல, அச்சு பல இலட்சம், பல கோடி ஆண்டுகளில் சாய்ந்துகொண்டே போகும். 2004இல் வார்டும் ஹாமில்டனும் சனியின் சாய்வை இவ்வழியில், நெப்டியூனின் பாதை அசைவோடு இணைத்து விளக்கினர். சனியின் துணைக்கோளான டைட்டன் ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது என்று 2020இல் அளக்கப்பட்டபின், அவ்விலகலே சனியை ஒத்ததிர்வுக்குள் இட்டுச் சென்றிருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. ஆண்டுக்கு ஒரு சாண்கூட நகராத ஒரு துணைக்கோள் ஒரு பெருங்கோளைச் சாய்க்கக்கூடும்!

யுரேனஸுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அதன் அச்சு ஒருமுறை தலையாட்டி முடிக்க இன்று இருபது கோடி ஆண்டுகள் அளவில் ஆகிறது. ஒத்ததிர்வுக்கு அது மிகவும் மெதுவானது. தலையாட்டத்தை விரைவுபடுத்த ஏதேனும் வேண்டும். 2010இல் புவேயும் லஸ்காரும், யுரேனஸின் நிறையில் நூற்றில் ஒரு பங்கு கொண்ட பெரிய துணைக்கோள் ஒன்று முற்காலத்தில் இருந்து, பின்னர் வீசியெறியப்பட்டிருக்கலாம் என்றனர். 2020இல் ரோகோசின்ஸ்கியும் ஹாமில்டனும், கோளைச் சூழ்ந்த கனத்த தட்டே அச்சை 70 பாகைவரை சாய்த்திருக்கலாம். எஞ்சியதை அரைப் பூமி நிறையுள்ள ஒரு பொருளின் மோதல் முடித்திருக்கலாம் என்றனர். 2022இல் சேயன்ஃபெஸ்ட் குழுவினர், யுரேனஸின் நிறையில் பத்தாயிரத்தில் நான்கு பங்கே கொண்ட துணைக்கோள்கூடப் போதும் என்றனர். அது கோளின் ஆரத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் விலகிச் சென்றால் அச்சு 80 பாகைக்கு மேல் சாயும். அதன்பின் இயக்கம் குழப்பநிலையை அடையும். இறுதியில் அத்துணைக்கோள் கோளின்மீதே விழுந்து அழிய, சாய்வு உறைந்து நிலைக்கும். இங்கு துணைக்கோள்களின் தளச் சிக்கல் பெருமளவு இல்லை. சாய்வு மெல்ல நிகழ்வதால், அண்மையிலுள்ளவை கோளோடு சேர்ந்தே சாய்ந்துவிடும். ஆனால் அந்த இறுதிக் குழப்பநிலையை அவை தாங்கியிருக்குமா என்பது இவ்விளக்கத்துக்கே உரிய சிக்கல்.

ஒப்பியல் மொழியியலில் பயின்றோர்க்கு இவ்விரு விளக்கங்களின் பொதுப்பண்பு உடனே புலப்படும். ஒன்றில் மோதிய பொருள் அழிந்துவிட்டது. மற்றொன்றில் சாய்த்த துணைக்கோள் அழிந்துவிட்டது. இரண்டிலும் முதன்மைச் சாட்சி இன்று இல்லை. மூலத் திராவிட வடிவம் ஒன்றை மீட்டுருவாக்கும்போது, எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்காத அவ்வடிவத்தின்முன் ஓர் உடுக்குறி இடுவோம். அது மீட்டுருவாக்கத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை; கிடைத்தது எது, கருதப்பட்டது எது என்று பிரித்துக் காட்டுகிறது. யுரேனஸ்மீது மோதிய பொருளுக்கும் அதன் இழந்த துணைக்கோளுக்கும் அத்தகைய உடுக்குறி தேவை. வானியலர்களின் ஆய்வுக் கட்டுரைகளில் அது நிபந்தனைச் சொற்களாக இருக்கவே செய்கிறது. பாடநூலுக்கு இறங்கும்போதுதான் தொலைந்துபோகிறது. ‘சாய்த்ததாம்’ என்று ஓர் ‘ஆம்’ சேர்த்தாலே கேள்விப்பட்ட செய்தியைப் பிரித்துக்காட்டவல்ல மொழி நம்முடையது. இவ்வசதி இருந்தும் ‘சாய்த்தது’ என்றே எழுதிவருகிறோம்.

இது சொல் பற்றிய கவலை மட்டுமன்று. மோதலே காரணமெனில் யுரேனஸின் கிடப்பு ஒரு விபத்து. வேறொரு சூரியக் குடும்பத்தில் அது நிகழ வேண்டியதில்லை. ஒத்ததிர்வே காரணமெனில் அது இயக்கவிதியின் இயல்பான விளைவு. துணைக்கோள்களையுடைய தொலைதூரக் கோள்கள் பலவும் இவ்வாறே மெல்லச் சாய்ந்திருக்கக்கூடும். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களுள் யுரேனஸ், நெப்டியூன் அளவையொத்தவை ஏராளமாகக் கண்டறியப்பட்டிருக்கும் இக்காலத்தில், அவற்றின் பருவங்களையும் வளிமண்டலங்களையும் எவ்வாறு எதிர்பார்ப்பது என்பது இவ்விடையைப் பொறுத்தது. லாப்லாஸ் எழுப்பிய அதே கேள்விதான் இது: தற்செயலா, விதியா?

தீர்ப்புக்கு வேண்டிய சான்று பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. துணைக்கோள்கள் இன்று எவ்வளவு வேகமாக விலகுகின்றன, அவற்றில் பாறையும் பனியும் எவ்விகிதத்தில் உள்ளன, கோளின் உள்ளடுக்குகள் பெருமோதலொன்றின் கலங்கலைக் காட்டுகின்றனவா என்பவை அளக்கத்தக்கவை. 2022இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் பத்தாண்டுத் திட்ட அறிக்கை, யுரேனஸைச் சுற்றிவரும் விண்கலத்தைப் பெருந்திட்டங்களுள் முதலிடத்தில் பரிந்துரைத்தது. இதுவரை அங்கே சென்ற கலம் வாயேஜர் 2 ஒன்றே. அதுவும் கடந்து சென்றதன்றி நின்று பார்க்கவில்லை.

அதுவரை வகுப்பறையில் யுரேனஸைப் பற்றிப் பேசும் நண்பர்கள் மாணவர்களிடம் இரண்டு வாக்கியங்களையும் எழுதிக் காட்டலாம்: யுரேனஸ் சாய்ந்தது, யுரேனஸ் சாய்க்கப்பட்டது. முதலாவதற்குச் சான்றை ஹெர்ஷல் காலம் முதல் தேடிச் சேர்த்துவிட்டோம். இரண்டாவது வாக்கியத்தின் எழுவாயை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.